எங்கள் ஊர் ஆச்சிமாருக்கும் அப்புமாருக்கும் கொவிட் ஊசி போட்டபோது

வயதான ஒருவர் "எனக்கு ஊசி வேண்டாம்" என்று சொன்னால், அவர் முதலில் சொல்லும் காரணத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். பெரும்பாலும் உண்மைக் காரணம் வேறாக இருக்கும். திண்ணையில் கொஞ்ச நேரம் இருந்து, கால் வீக்கம், பிரஷர், மகளின் பிரசவம் என்று நாலு கதை கதைத்த பிறகு அது தானாக வெளியே வரும். 2021இல் திருகோணமலை நிலாவெளி வீதிப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களைக் கொவிட் தடுப்பூசிக்கு அழைத்துவரும் வேலையில் நின்றபோது நான் கற்றுக்கொண்டதில் முதலாவது இது. மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவைதான்.

நான் சுகாதாரத் துறையில் வேலை செய்பவள் இல்லை, முன்பள்ளி ஆசிரியை. பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த நாட்களில் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், ஊரில் எல்லோருக்கும் அவர் மிஸ்ஸி, "உங்களை எல்லா வீட்டுக்கும் தெரியும். பிள்ளைகளின் அப்பப்பா அம்மம்மா உறவெல்லாம் நீங்கள்தானே அறிவீர்கள், கூட வாங்கோ" என்று கேட்டார். போனேன். கிராம சேவகர், முதியோர் சங்கத்தில் இருந்த சிலர், ஓட்டோ வைத்திருந்த இரண்டு பெடியன்கள் என்று ஒரு சிறு கூட்டம் சேர்ந்தது.

அந்த நேரத்து நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாட்டில் 2021 ஜனவரி 29ஆம் தேதி தடுப்பூசி தொடங்கியது. இந்தியா அன்பளிப்பாகக் கொடுத்த 5 இலட்சம் கொவிஷீல்ட் ஊசிகள் அதற்கு முதல் நாள்தான் வந்திறங்கியிருந்தன. முதலில் சுகாதார ஊழியர்களுக்கும் படையினருக்கும் போட்டார்கள். பிறகு இந்தியாவிலேயே நோய் கொழுந்துவிட்டெரிய, அங்கிருந்து வரவேண்டியது நின்றது. முதல் ஊசி போட்டவர்களே இரண்டாவதுக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். மே 7ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் சீனாவின் சினோபாம் தடுப்பூசியை அவசரப் பாவனைப் பட்டியலில் சேர்த்த பிறகுதான் எங்கள் பக்கம் ஊசி வரத் தொடங்கியது. ஊசி வந்த வேகத்தைவிட டெல்டா என்ற புது வகைக் கொவிட் வேகமாக வந்தது. ஓகஸ்ட் கடைசியில் நாடு முழுதும் ஒரு நாளைக்கு 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் 60 வயதைத் தாண்டியவர்கள், அதிலும் ஊசி போடாதவர்கள். ஓகஸ்ட் 20இல் போட்ட ஊரடங்கு ஒக்டோபர் 1ஆம் தேதி வரை நீடித்தது.

நான் சொல்லும் வேலையில் பெரும்பகுதி டெல்டா உச்சத்துக்குப் போவதற்கு முந்திய வாரங்களிலும் உச்சத்தின் நடுவிலும் நடந்தது.

முதலில் பட்டியல். யார் யார் 60 வயதுக்கு மேல், யாருக்கு ஊசி போட்டாயிற்று என்று யாரிடமும் ஒரே இடத்தில் முழு விபரம் இருக்கவில்லை. வாக்காளர் இடாப்பில் வயது இல்லை. ஆனால் 70 வயது தாண்டிய வறிய முதியோருக்கு மாதம் 2,000 ரூபாய் கொடுப்பனவு போய்க்கொண்டிருந்தது, அந்தப் பட்டியல் கிராம சேவகரிடம் இருந்தது. முதியோர் சங்கத்தின் உறுப்பினர் கொப்பி இருந்தது. ஆஸ்பத்திரியில் சீனி வருத்தம், பிரஷர் கிளினிக்குக்குப் போகிறவர்களை மிஸ்ஸிக்குத் தெரியும். இந்த மூன்றையும் வைத்து சீ.ஆர். கொப்பி என்ற தடித்த மட்டைக் கொப்பி ஒன்றில் எழுதினோம். அப்படியும் சிலர் விடுபட்டார்கள். மகன் வீட்டில் ஆறு மாதம், மகள் வீட்டில் ஆறு மாதம் என்று இருப்பவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. சம்பூர்ப் பக்கத்தில் இருந்து 2006இல் இடம்பெயர்ந்து வந்து இங்கேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்ட சிலருக்கு அடையாள அட்டையில் பழைய விலாசம்தான். இந்தியாவில் அகதியாக இருந்து திரும்பியவர்களில் ஒரு வயதான சோடிக்கு அட்டையே இல்லை. இப்படியானவர்கள் "எங்களுக்கு ஊசி தரமாட்டினம்" என்று தாங்களாகவே முடிவுகட்டி வீட்டில் இருந்துவிடுவார்கள், வந்து கேட்கவும் மாட்டார்கள். கிராம சேவகர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார், போட்டார்கள். ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த ஐந்து நிமிட வேலை தேவைப்படுகிறது என்று யாராவது வீட்டு வாசலுக்குப் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

சாம்பல்தீவுப் பக்கத்து ஒரு ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பதைத் தொட்டவர். முதல் நாள் போனபோது, "என்னத்துக்குப் பிள்ளை எனக்கு உந்த ஊசி? நான் போற வயது. உதை இளசுகளுக்குப் போடுங்கோ" என்றார். கூட வந்த பெடியன், ஆச்சிக்குத்தான் முதலில் போட வேண்டும், வயதானவர்களுக்குத்தான் வருத்தம் கடுமையாகும் என்று விளக்கத் தொடங்கினான். அவன் சொன்னது எல்லாம் சரி. ஆச்சி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, "ஓம் தம்பி, பார்ப்பம்" என்றார். எங்கள் ஊரில் 'பார்ப்பம்' என்றால் வரமாட்டார் என்றே அர்த்தம்.

இன்னொரு நாள் நான் தனியாகப் போய் வெற்றிலை இடித்துக் கொடுத்தபடி இருந்தேன். அவருக்கு இதய வருத்தம். கால் வீக்கத்துக்கு, சலத்தைப் போக்கும் குளிசை ஒன்று காலையில் எடுக்கிறார். எடுத்தால் மத்தியானம் வரை நாலைந்து தரம் எழும்பிப் போக வேண்டும். ஊசி போடும் இடமோ பள்ளிக்கூடம். முதல் வாரம் அங்கே போய்வந்த பக்கத்து வீட்டுக்காரி, மலசலகூடம் பூட்டிக் கிடக்கிறது, மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்றோம் என்று சொல்லியிருக்கிறார். ஆச்சி இதை என்னிடம் நேரே சொல்லவில்லை. "அங்க ஆம்பிளையளும் நிக்கினம், அவசரத்துக்கு எங்க பிள்ளை போறது" என்று உரலைப் பார்த்தபடி சொன்னார். அவ்வளவுதான் விஷயம்.

பள்ளிக்கூடம் மாதக்கணக்கில் மூடியிருந்ததால் மலசலகூடத்துக்குப் பூட்டு. திறப்பு காவலாளியிடம். வாங்கித் திறந்து, கழுவி, வாளியில் தண்ணீர் வைத்து, வாசலில் ஒரு கதிரையும் வைத்தோம். குளிசை எடுக்கும் நேரத்தை அன்றைக்கு மட்டும் கொஞ்சம் பிந்தப் போடலாமா என்று மிஸ்ஸி டொக்டரிடம் கேட்டுச் சொன்னார். (நாங்களாக எந்தக் குளிசையையும் மாற்றச் சொல்லவில்லை. நீங்களும் சொல்லக் கூடாது.) ஆச்சி வந்தார். வரும்போது தன் வயதில் இன்னும் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களுக்கும் இதே பிரச்சினைதான் இருந்திருக்கிறது.

வயதானவர்களுக்குத் தடுப்பூசி நிலையம் ஒழுங்குசெய்யும் யாரும் மேசைகளைப் போட முதல் மலசலகூடத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அடுத்தது கதிரை. வரிசை என்று சொல்லி வெய்யிலில் நிற்பாட்டக் கூடாது. இலக்கத் துண்டைக் கொடுத்து வேப்ப மரத்துக்குக் கீழே இருத்த வேண்டும். மூன்றாவது, குறித்த நேரம். எங்கள் இடத்தில் காலை முதல் ஒரு மணித்தியாலத்தை 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் கூட வருபவருக்கும் என்று ஒதுக்கியதும் வரவு மாறியது. திருகோணமலை ஆடி மாதக் கச்சான் காற்றும் வெக்கையும் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

சாப்பிடாமல் வருவது இன்னொரு தொல்லை. இரத்தப் பரிசோதனைக்குப் போவதுபோல வெறும் வயிற்றோடு, குளிசையும் எடுக்காமல் வந்து உட்காருவார்கள். சீனி வருத்தக்காரர் அப்படி இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒருவர் கதிரையிலேயே சரிந்தார், தேத்தண்ணியில் சீனி போட்டுக் கொடுத்ததும் தெளிந்துவிட்டார். ஊருக்குள் அது 'ஊசி போட முதலே மயங்கினார்' என்று போகாமல் 'ஊசியால் மயங்கினார்' என்று போயிற்று. அதன் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஒரே வசனத்தைச் சொன்னோம்: வழக்கமாகச் சாப்பிடுகிறதைச் சாப்பிடுங்கோ, வழக்கமான குளிசையை எடுங்கோ, கிளினிக் கொப்பியைக் கொண்டு வாங்கோ. பிரஷர் குளிசை எடுக்கிறவர் ஊசி போடக் கூடாது என்று ஒரு கதை பரவியிருந்தது. அது தவறு. சீனி, பிரஷர், இதயம், சுவாச வருத்தம் உள்ளவர்களுக்குத்தான் கொவிட் வந்தால் ஆபத்து அதிகம், ஆகவே அவர்களுக்கு ஊசி முந்த வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர்கள் அதை மேசையில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் பஞ்சை வைத்து இரண்டு நிமிடம் நன்றாக அழுத்திப் பிடித்தால் போதும். மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்த அம்மாமார், எந்தப் பக்கம் செய்தது என்று சொன்னால் மற்றக் கையில் போடுவார்கள். ஆண்கள் நிற்கும் இடத்தில் பெண்கள் இதைச் சத்தமாகச் சொல்லமாட்டார்கள், ஆகவே ஒரு பெண் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இறுக்கமான சட்டைக் கையை மேலே ஏற்ற முடியாமல் சில ஆச்சிமார் பட்ட கஷ்டத்தைப் பார்த்த பிறகு, தளர்வான சட்டை போட்டு வரச் சொல்வதையும், ஒரு மூலையில் சேலையைக் கட்டி மறைப்பு வைப்பதையும் வழக்கமாக்கினோம்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் முடிவு எடுப்பவர் முதியவர் இல்லை. கனடாவிலோ லண்டனிலோ சுவிசிலோ இருக்கும் மகன்தான். "அப்பா, சினோபாம் போடாதீங்கோ. பைசர் வரும், பொறுங்கோ." இந்த வசனத்தை எத்தனை வீட்டில் கேட்டோம்! அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் இருக்கும் நாட்டில் அவர்களுக்குக் கிடைத்தது பைசர், தகப்பனுக்கும் நல்லதே கிடைக்க வேண்டும் என்று நினைத்தார்கள். விசா விஷயமும் இருந்தது. சினோபாம் போட்டவர்களைச் சில நாடுகள் அப்போது ஏற்கவில்லை. பிரித்தானியா ஏற்றுக்கொண்டதே 2021 நவம்பர் பிற்பகுதியில்தான். அடுத்த வருடம் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் கனவில் இருந்த அம்மாவுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

உப்புவெளியில் ஒரு ஐயா, ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர், அப்படித்தான் காத்திருந்தார். ஓகஸ்ட் மாதம் அவருக்குக் காய்ச்சல் இல்லை, இருமலும் பெரிதாக இல்லை. சாப்பாடு குறைந்தது, இரண்டு தரம் தடுமாறி விழுந்தார், மனைவியைத் தாயின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வயது போன குணம் என்று வீட்டில் நினைத்தார்கள். கையில் ஒட்சிசன் பார்க்கும் கருவியை மாட்டியபோது எண்பதுகளில் நின்றது. ஆஸ்பத்திரியில் இறந்தார். அவர் காத்திருந்த பைசரை, 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பூஸ்டராக, அதாவது மேலதிக ஊசியாக, நவம்பரில்தான் கொடுக்கத் தொடங்கினார்கள்.

வயதானவர்களுக்குக் கொவிட் காய்ச்சலோடுதான் வரும் என்றில்லை. திடீர்த் தடுமாற்றம், சாப்பிட மறுத்தல், காரணமில்லாத சோர்வு, விழுதல் என்றும் தொடங்கலாம். மூச்சு வாங்குவது வெளியே தெரியாமலே ஒட்சிசன் இறங்கலாம். கருவியில் 94க்குக் கீழே போனால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இது அந்த வருடத்துக்கு மட்டுமான பாடம் இல்லை.

அதன் பிறகு, வெளிநாட்டுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நாங்கள் போகும் நேரத்தையே மாற்றினோம். அங்கே அவர்கள் விழித்திருந்து வேலைக்குப் போகாத நேரம் பார்த்து, பெரும்பாலும் ஞாயிறு பின்னேரம் போவோம். வட்ஸ்அப்பில் மகனைக் கூப்பிட்டு போனை மிஸ்ஸியிடம் கொடுத்துவிடுவோம். மிஸ்ஸி வாதாட மாட்டார். "தம்பி, அப்பாவுக்கு என்ன என்ன வருத்தம் என்று உங்களுக்குத் தெரியும். இங்க இப்ப கையில இருக்கிறது இதுதான். பைசர் எப்ப வரும் எண்டு என்னால சொல்ல ஏலாது. வருத்தம் பக்கத்து ஒழுங்கைக்கு வந்திட்டுது. இதைப் போட்டாலும் பிறகு வாறதை மேலதிகமாப் போடலாம்" என்பார். கடைசி வசனம் முக்கியமானது, பின்னர் அப்படியேதான் நடந்தது. வயது ஏற ஏற உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஊசிக்குக் காட்டும் பதிலும் குறைகிறது. சினோபாம் போட்ட 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூன்றாவது ஊசியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2021 ஒக்டோபரில் பரிந்துரைத்தது. மகன் ஓம் என்றதும் அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவார். பல வீடுகளில் எங்கள் வேலை அந்த அழைப்போடு முடிந்தது.

கிண்ணியாவில் படிப்பிக்கும் என் சிநேகிதி சொன்னதை இங்கே சொல்லாமல் விட முடியாது. அவளும் தன் ஊரில் இதே வேலையைச் செய்தாள். அங்கே பெரியவர்களின் பயம் ஊசியைப் பற்றியதே இல்லை. கொவிட்டில் இறந்தவர்கள் எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலே இருந்தும், முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்க அனுமதித்தார்கள். அதுவும் சொந்த ஊர் மையவாடியில் இல்லை, மார்ச் மாதம் முதல் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் ஒதுக்கிய ஓரிடத்தில். அந்தக் கட்டுப்பாடு போகும்போது 2022 மார்ச் ஆகிவிட்டது. "ஊசிக்குப் பயமில்ல மகள். அங்க மூக்கில குச்சி போட்டுப் பாத்து, இருக்கெண்டு புடிச்சிட்டுப் போனா, ஜனாஸா ஊருக்கு வருமா?" என்று அவளுடைய உம்மாவின் மூத்த சகோதரி கேட்டாராம். இதற்கு மருத்துவ விளக்கம் கொடுத்து என்ன பயன்? அந்தப் பயம் நடந்த அநியாயத்தில் இருந்து வந்தது. கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கேட்க 2024 ஜூலையில் அமைச்சரவை தீர்மானித்தது. அதற்குள் அந்தப் பெரியவர்களில் எத்தனையோ பேர் மறைந்துவிட்டார்கள்.

அவர்கள் அங்கே செய்தது இரண்டு வேலை. ஊசி போடும் நாளில், போடும் இடத்தில், யாருக்கும் பரிசோதனை செய்வதில்லை என்று சுகாதாரப் பணிமனையோடு பேசி முடிவெடுத்து, அதைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பள்ளி மௌலவியும் நிர்வாகத்தில் இருந்த பெரியவர்களும் முதல் நாள் முதல் வரிசையில் இருந்து போட்டுக்கொண்டார்கள். நாங்களும் பிறகு அதையே பின்பற்றினோம். ஏனென்றால் மூக்கில் குச்சி விடும் பயம் எங்கள் பக்கத்திலும் இருந்தது. தனிமைப்படுத்தல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் பேரப்பிள்ளைகளோடு போனில்கூடக் கதைக்க முடியாது என்று நினைத்தவர்கள் பலர். ஊசியையும் பரிசோதனையையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள்.

வீட்டை விட்டு எழும்ப முடியாதவர்களிடம் ஊசிதான் போக வேண்டும். இதற்குக் குளிர்ப்பெட்டி, பனிக்கட்டிப் பொதி, வெப்பமானி, மிஸ்ஸி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், ஒரு வாகனம் இவ்வளவும் வேண்டும். சினோபாமை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைத்திருக்க வேண்டும், அது கிராமத்துக்கு வசதி. அஸ்ட்ராசெனகா (கொவிஷீல்ட்) மாதிரி பத்துப் பேருக்கு ஒரு குப்பி என்றால் திறந்த பிறகு ஆறு மணித்தியாலத்துக்குள் பத்துப் பேரைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆகவே பாதையைக் கொப்பியில் முதல் நாளே கீறிவைத்து, ஒரே ஒழுங்கையில் உள்ளவர்களைச் சேர்த்துக் கொண்டோம். போட்ட பிறகு கால் மணித்தியாலம் அந்த வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். அவசரப்படாதீர்கள். அந்தக் கால் மணித்தியாலத்தில்தான் வீட்டின் மற்ற விஷயங்கள் தெரியவரும்.

சல்லியில், கடலுக்குப் போய்வந்த ஒரு அப்பு. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மகள் அவரைச் சுவரோடு சாய்த்து இருத்தி இடக்கைச் சட்டையை உயர்த்தினாள். தோளுக்குக் கீழே அந்தக் காலத்து அம்மைப்பால் தழும்பு, சின்னக் குழியாக, ஓரம் சுருங்கிப் போய். மிஸ்ஸி அதைத் தொட்டு, "அப்பு, இது சின்னனில குத்தினதோ? இதால தானே பெரியம்மை நோய் உலகத்திலேயே இல்லாமப் போச்சுது" என்றார். அவர் நாடியைத் தழும்புப் பக்கம் திருப்பி இரண்டு தரம் ஆட்டினார். மகள், "ஓமாம், அதுக்குப் பக்கத்தில போடச் சொல்லுறார்" என்று சிரித்தாள். கை மெலிந்து எலும்போடு இருந்ததால் மிஸ்ஸி தசையை விரல்களால் மெல்லக் கூட்டிப் பிடித்துப் போட்டார்.

அந்தக் கால் மணித்தியாலத்தில்தான் கேட்டோம்: மகளுக்கு ஊசி போட்டாயிற்றா? இல்லை. அவளுக்கு 30 வயது தாண்டிவிட்டது, போடத் தகுதி உண்டு. ஆனால் அப்புவைத் தனியே விட்டுவிட்டு அரை நாள் பள்ளிக்கூடத்தில் போய் இருக்க முடியாது. கடைக்குப் போவதும் மருந்து எடுக்கப் போவதும் அவள்தான். வருத்தம் அந்த வீட்டுக்குள் வருவதென்றால் அவளோடுதான் வரும். அவள் படுத்தால் அப்புவுக்குச் சோறூட்ட ஆளில்லை. அன்றைக்கே அவளுக்கும் போட்டோம். அன்று முதல் வீட்டுக்குப் போகும்போது படுக்கையில் இருப்பவருக்கு ஒன்று, பார்ப்பவருக்கு ஒன்று என்று கணக்குப் போட்டே குப்பிகளை எடுத்துப் போனோம்.

இரண்டாவது ஊசிக்கு ஆட்களை வரவைப்பது எதிர்பார்த்ததைவிட இலகுவாக இருந்தது, ஒரு விஷயத்தைத் தவிர. அட்டையில் ஆங்கில மாதத்தில் தேதி எழுதியிருக்கும், பலருக்கு அது நினைவில் நிற்காது. "பறுவத்துக்கு முந்தின வெள்ளி", "அமாவாசை கழிந்து மூன்றாம் நாள்" என்று சொன்னால் நிற்கும். விரதம் பிடிக்கும் ஆச்சிமாருக்கு நாங்கள் அப்படித்தான் சொன்னோம். அட்டையைக் கிளினிக் கொப்பியோடு ஒரே பொலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தோம். அட்டை தொலையலாம், கிளினிக் கொப்பி தொலையாது.

சிலருக்கு வேறொரு சந்தேகம். மகனுக்கு ஊசி போட்ட இரவே காய்ச்சல், உடம்பு நோ. அம்மாவுக்கு ஒன்றுமே இல்லை. "எனக்குத் தண்ணி ஊசியோ பிள்ளை போட்டது?" என்று கேட்டார்கள். வயதானவர்களுக்கு ஊசிக்குப் பிந்திய காய்ச்சல் இளையவர்களைவிடக் குறைவாகவே வரும், வராததால் ஊசி வேலை செய்யவில்லை என்று ஆகாது. காய்ச்சல் வந்தால் பெனடோல் எடுக்கலாம். வருமுன்னே எடுத்து வைக்கத் தேவையில்லை. ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைத்துக் கோவில் திருவிழாவுக்கும் செத்தவீட்டுக்கும் வெளிக்கிட்டவர்களிடம், இரண்டாவது ஊசிக்குப் பிறகும் இரண்டு கிழமை பொறுங்கோ என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்றாவது ஊசியில்தான் தளர்ந்துவிட்டோம் என்று நினைக்கிறேன். ஊர் முழுவதும்தான். சாவு குறைந்தது, பயம் போனது. 2022 பிறந்ததும் எரிபொருள் இல்லை, காஸ் இல்லை, மருந்துத் தட்டுப்பாடு. ஓட்டோக்காரப் பெடியன்கள் பெற்றோல் வரிசையில் நாட்கணக்கில் கிடந்தார்கள். அந்த நிலைமையில் ஒரு ஆச்சியை ஊசிக்கு ஏற்றிப்போக யாரிடம் கேட்பது? வாகனம் இல்லாமல் நடந்து போகக்கூடிய தூரத்தில், முன்பள்ளிக் கட்டடத்திலோ கோவில் மண்டபத்திலோ மாதம் ஒரு நாள் போட்டிருந்தால் இன்னும் பலர் வந்திருப்பார்கள். முதியவர்களுக்கு ஊசித் திட்டம் போடுகிறவர்கள் பஸ்ஸும் ஓட்டோவும் ஓடாத நாளையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அந்தச் சீ.ஆர். கொப்பி இப்போது முதியோர் சங்கத்திடம் இருக்கிறது. மிஸ்ஸிக்கு இடமாற்றம் வந்தபோது புதிதாக வந்தவருக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தோம். பெயர், வயது, வருத்தங்கள் என்ற வழக்கமான நிரல்களோடு வேறு ஐந்தும் அதில் உண்டு: நடப்பாரா, யாரோடு இருக்கிறார், அவரைப் பார்ப்பது யார், வீட்டில் முடிவெடுப்பது யார், அவருடைய போன் இலக்கம் என்ன. டெங்குக் காய்ச்சல் பரவும்போதும், வெள்ளத்தில் ஆட்களை ஏற்ற வேண்டிய நேரத்திலும் அந்த நிரல்களைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஆறு மாதம் மகன் வீடு, ஆறு மாதம் மகள் வீடு என்று இருப்பவர்களுக்கு இரண்டு விலாசமும் எழுத இடம் போதவில்லை என்று புது மிஸ்ஸி சொன்னார். அடுத்த கொப்பியில் அந்த நிரலை அகலமாகக் கீறியிருக்கிறோம்.